வாளைத் தொட்ட கை

திருவேங்கடம் சாலையில் இருந்த எங்கள் கரிசல் காட்டில், போர்வெல் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழி தட்டுப்பட்டது. உள்ளே எலும்பும் மண்ணும். பக்கத்தில் துருவேறிய வாள் ஒன்று. கண்டெடுத்தவர் எங்கள் காட்டில் வேலைபார்த்த அக்கா. மண்வெட்டி எதிலோ பட்டதும் நிறுத்திவிட்டு, கையாலேயே மண்ணை விலக்கி எடுத்து, முந்தானையில் ஏந்திவந்து பெரியப்பாவிடம் கொடுத்தார். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலமே வாள் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பூஜையறைக்குப் போய்விட்டது. பெரியப்பா அதற்குச் சந்தனம் பூசி, பட்டு விரித்துப் படுக்கவைத்தார். தாசில்தாருக்குச் சொல்ல வேண்டாமா என்று அப்பா கேட்டதற்கு, முப்பாட்டன் சொத்துக்கு எதற்குத் தாசில்தார் என்றார். தாழிக்கு அருகே கிடைத்த, ஓட்டை ஓட்டையான இரும்புக் கசடுகளை மட்டும் மாட்டுத்தொழுவத்துச் சகதியில் போட்டு மிதிக்கச் சொன்னார். வாளுக்குப் பட்டு, இரும்பை உருக்கிய உலையின் மிச்சத்துக்குச் சாணி. வீட்டில் யாருக்கும் இது உறுத்தவில்லை.

சிவகிரியிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வாளைக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் முப்பாட்டனுக்குப் பதவி உயர்ந்தது. முதலில் படைவீரராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் குறுநில மன்னர் ஆகிவிட்டார். எனக்கோ பாடப்புத்தகம் நினைவில் இருந்தது. இரும்பு வந்த பிறகுதான் கோடாலியால் காடு திருத்தினார்கள், கொழு வைத்த ஏரால் இறுகிய நிலத்தை உழுதார்கள், தானியம் மிஞ்சியது, ஊர்கள் பெருத்தன, வாள் வைத்திருந்தவர்கள் அரசர்கள் ஆனார்கள். அத்தனைக்கும் முன்னால் உலைக்குப் பக்கத்தில் யாரோ நின்று வெந்திருக்க வேண்டுமே.

"இதச் செஞ்சது யாரு பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எவனாவது செஞ்சிருப்பான்."

"அவரு யாருக்கு முப்பாட்டன்?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்து வெளிக்கேட்டில் நின்றார். என்ன வேண்டும் என்று போய்க் கேட்டேன்.

"நாந்தான எடுத்துக் குடுத்தேன் பாப்பா. தொடச்சபெறவு எப்படி இருக்குன்னு ஒருக்கப் பாத்துட்டுப் போறேன்."

உள்ளே போய்ச் சொன்னேன். பெரியப்பா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அங்கனயே நின்னுட்டுப் போகச் சொல்லு. இது சாமி இருக்க எடம்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மண்ணிலிருந்து எடுத்த கை காட்டில் நல்ல கை, வீட்டு வாசலில் ஆகாத கையா? பூஜையறைக்குப் போனேன். வாளைப் பட்டோடு அள்ளிக்கொண்டு கேட்டுக்கு ஓடி அக்காவின் கையில் வைத்தேன். அவர் சந்தனத்தை விரலால் ஒதுக்கி, நுனிவரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"நல்லவேள, என் வெட்டு இதுல விழல" என்றார்.

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வாளை அக்காவின் கையிலிருந்து அவர் வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொன்னார். அக்கா குனிந்து வைத்துவிட்டுப் போனார். அதன்மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் பெரியப்பா அதைத் தொட்டார். தீட்டு முழுதாகப் போகவில்லை என்று அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் அதே அபிஷேகம். எத்தனையோ தலைமுறை மண்ணுக்குள் தாங்கிக் கிடந்த இரும்பு, எங்கள் வீட்டு மஞ்சள் தண்ணீருக்குத் தாங்கவில்லை. செதில் செதிலாக உதிர்ந்து பொடியாகிப்போனது. அந்தக் கை பட்டதால்தான் உதிர்ந்தது என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள்.

கேட்டில் வந்து நின்ற மறுநாள் முதல் அக்கா வேலைக்கு வரவில்லை. வேறு இடத்தில் கூலி அதிகமாகக் கிடைத்திருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

அறை வாங்கிய அன்று, அழுது முடிப்பதற்குள் அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். என் இரண்டு கைகளையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். நிறுத்தவே இல்லை.

"துருவெல்லாம் போயிட்டும்மா, விடும்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.