கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் காலைப் பேருந்தில் நாங்கள் மூன்று பேர் நாவல் பைத்தியங்கள். நான் மலைமேல் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள். அங்கேயே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி. மூன்றாவது ஆள் வனத்துறை அலுவலகத்தில் கிளார்க், தியாகதுருகத்துக்காரர். கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும் ஆளுக்கொரு புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருப்போம். மலைப்பாதை ஆரம்பித்ததும் மூடி வைத்துவிடுவோம். வளைவுகளில் படித்தால் நர்ஸுக்குக் குமட்டும், எனக்குத் தலை சுற்றும். அதனால் மலை ஏறும் நேரம் முழுக்கப் பேச்சுதான். யார் எதைப் படித்தார்கள், அடுத்து யாருக்கு எது என்ற பஞ்சாயத்தெல்லாம் அங்கேதான் நடக்கும்.

நர்ஸ் காதல் நாவல் கட்சி. கதாநாயகன் முதல் அத்தியாயத்தில் முறைக்க வேண்டும், கடைசியில் உருக வேண்டும். நடுவில் ஒரு மாமியார் இருந்தால் இன்னும் விசேஷம். கிளார்க் துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எனக்கு மண்ணும் மனுஷரும் இருக்கிற நாவல் வேண்டும், இல்லாவிட்டால் மன்னர் காலத்து நாவல். மற்ற இரண்டு பேரின் ரசனையும் எனக்கு இளக்காரம்தான். அதை நான் மறைத்ததும் இல்லை. "மேடம் பொஸ்தகம் குடுத்தா, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டுக்கினு படிக்கணும்" என்று கிளார்க் என்னைக் கிண்டல் செய்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பக்கவாட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்த பழைய மாத நாவல்கள் அவரிடம் நிறைய. இரவல் கொடுக்கும் முன் பின்னைக் கழற்றி, கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வார். நர்ஸுக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் கெட்ட பழக்கம் இருந்ததால் ஆரம்பித்தது இது. படித்து முடித்தவர்கள் யார் கொலைகாரன் என்று பேருந்திலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மிச்சப் பக்கங்கள் கைக்கு வரும். தப்பாகச் சொன்னால் அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு நிற்காது.

நாங்கள் புத்தகம் மாற்றிக்கொள்வதை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். மலைமேல் பாதி வழியில் ஏறி இரண்டு ஊர் தள்ளி இறங்குவாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர். பத்தாவது வரை படித்தவள். முப்பது வயது கூட இருக்காது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், படிச்சிக் காட்டறதுக்கு ஒரு கத பொஸ்தகம் தருவீங்களா?" என்று கேட்டாள்.

குழந்தைக்கா என்றேன். இல்லை, வீட்டுக்காரருக்கு.

அவள் புருஷனை எனக்குத் தெரியும். கடுக்காய் பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவன். முதுகெலும்பு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, கால் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புண்ணுக்கு மருந்தும் பஞ்சும் என்னிடம்தான் வாங்கிப் போவாள்.

"புண்ணு ஆறிக்கினு வருது மேடம். ஆனா பேச மாட்டேங்கறாரு. தட்ட தள்ளி வுடறாரு. ஒரே ஒரு வாட்டி வாயத் தொறந்தாரு. என்ன வுட்டுடு, நான் போறேன்னாரு." அழாமல் சொன்னாள். "அடுத்து இன்னான்னு அவர கேக்க வெக்கணும். அப்டி ஒரு கத குடுங்க."

இருபது வருஷமாக நாவல் படிக்கிறேன். இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் என்னிடம் புத்தகம் கேட்டதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததையே மறுநாள் கொடுத்தேன். பஞ்சத்தில் நிலத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தின் கதை. படித்து நானே நாலு நாள் சரியாகச் சாப்பிடாத நாவல். இரண்டே நாளில் திரும்பி வந்தது. "நம்ம கஷ்டத்தயே எதுக்குப் படிக்கிறன்ற மாதிரி செவுத்து பக்கம் திரும்பிக்கினாரு" என்றாள்.

அடுத்தவருக்கு நாவல் எடுத்துக் கொடுப்பது சட்டை எடுத்துக் கொடுப்பது மாதிரி. நமக்குப் பிடித்த நிறத்தைப் பார்ப்போமே தவிர அவர் அளவைப் பார்க்க மாட்டோம். நர்ஸ் தன் பங்குக்கு ஒரு காதல் நாவல் கொடுத்தாள். பங்களா, கார், ஊட்டி. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டான். தூங்கியது நல்லதுதானே என்று நர்ஸ் வாதாடினாள். பிறகு நான் குதிரையும் கோட்டையுமாக ஒரு மன்னர் கதை கொடுத்தேன். அதுவும் எடுபடவில்லை. ஒவ்வொரு முறை புத்தகம் திரும்பி வரும்போதும் அவள் கன்னம் இன்னும் ஒட்டிப்போன மாதிரி எனக்குத் தெரிந்தது. அவன் ஒரு கை சோற்றோடு நிறுத்தினால் இவளும் நிறுத்திவிடுகிறாள் என்று புரிந்தது.

கிளார்க் அடுத்த வாரம் முழுக்க லீவு. திருக்கோவிலூரில் அவர் தங்கை மகள் கல்யாணம். போவதற்கு முன் நர்ஸ் கையில் ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்து, அந்தப் பெண் ஏறினால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கையே இல்லை. சாகக் கிடக்கிறவனுக்குக் கொலைக் கதையா என்று எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அதை வாங்கிப் போன மறுநாள் அவள் ஏறும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"உம் கொட்னாரு மேடம்."

அவர்கள் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை சொல்கிறவர் நிறுத்திவிடுவார். வெறும் காற்றுக்குக் கதை சொல்லக் கூடாது என்பார்களாம். இவளும் அப்படித்தான் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு வரி படித்து நிறுத்தி, உம் வராமல், வழக்கத்தை மீறி மேலே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தக் கதையில் சென்னையில் ஒரு லாட்ஜில் பிணம் கிடந்ததும் படுக்கையிலிருந்து முதல் உம் வந்திருக்கிறது. அடுத்தடுத்த நாள்களில் உம் வலுத்தது. கஞ்சியும் ஒரு டம்ளர் கூடுதலாக இறங்கியது. நானும் நர்ஸும் பேருந்தில் கையைப் பிடித்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலையில் அவள் புத்தகத்தை என் மடியில் போட்டாள். "கடசி பக்கமெல்லாம் காணோம் மேடம். போலீஸ்காரரு எல்லாரயும் கூடத்துல உக்கார வெச்சாரு. அதோட நிக்குது. கொழந்த எதுனா கிழிச்சிச்சான்னு வூடெல்லாம் தேடிட்டேன்."

கிளார்க் கைப்பழக்கத்தில் பின்னைக் கழற்றிவிட்டார். அவளுக்கு எங்கள் வழக்கத்தைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயே அவருக்கு போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம். பக்கங்கள் தியாகதுருகத்தில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கின்றன, சாவி அவரிடம். சரி, கொலைகாரன் யார் என்றாவது சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"எது மேடம், லாட்ஜா? அதே மாதிரி அம்பது கத படிச்சிக்கிறேன். இந்தக் கதையில யாருன்னு மறந்துட்டேன்" என்றார். கல்யாண வீட்டில் நிற்கிற மனிதரை நான் திட்டிய திட்டைப் பேருந்தே கேட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அன்றும் வரவில்லை. அன்று மருந்துக் கவுண்டரில் யார் வந்து நின்றாலும் அவள் ஊர்க்காரர்களோ, செய்தி கொண்டு வந்திருக்கிறார்களோ என்று முகத்தை முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பான் என்றே நினைத்தேன். பாதியில் விட்டதைவிட ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நான் எந்த நாவலையும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் ஏறினாள். கிளார்க்கும் வந்திருந்தார். சட்டைப் பைக்குள் மடித்து வைத்த பக்கங்களோடு கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சும்மா? ஏன் ரெண்டு நாளா வரல?" என்றேன்.

"எப்டி மேடம் வர்றது? அவரு கத சொல்லிக்கினு இருந்தாரு."

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வெறுங்கையோடு போனதும், யார் கொன்றது என்று கேட்டிருக்கிறான். பக்கம் இல்லை என்றதும் கோபம் வந்திருக்கிறது. மரத்திலிருந்து விழுந்த பிறகு அவனுக்கு வந்த முதல் கோபம். எந்தப் பரதேசி இப்படிப் பொஸ்தகம் கொடுப்பான் என்று சத்தம் போட்டுத் திட்டியிருக்கிறான். இதைச் சொல்லும்போது அவள் கிளார்க்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அப்பறம் அவரே சொல்ல ஆரமிச்சாரு. அந்த லாட்ஜ் மேனேஜருதான் கொன்னானாம். கொன்னுட்டு பஸ் ஏறி நம்ம மலைக்கு வந்துட்டானாம். தேனெடுக்கற பாறையில ஒளிஞ்சிக்கினானாம். பக்கத்து வூட்டு ஆளுங்கல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. அவுரு சொல்ல சொல்ல நான் உம் கொட்டினே இருந்தேன். ஒருத்தரு மூச்சு வுடல. நடுவுல, பசிக்குதுன்னாரு."

நர்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மறுபடி, நான் போறேன் என்ற அந்தப் பேச்சு பேசினானா என்றேன்.

"இல்ல மேடம். பேசல."

கிளார்க் எழுந்து வந்து பக்கங்களை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் சார். அவரு இன்னும் முடிவ மாத்திக்கினே கீறாரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வேற பொஸ்தகம் வாங்கிக்கினு வரச் சொன்னாரு மேடம். நல்லா பெருசா இருக்கணுமாம். சீக்கிரம் முடியக் கூடாதாம்."