மேப் அளக்கிறவளின் பயங்கள்

எங்கள் தொழிலில் நாற்காலியை விட்டு எழாமலேயே கால் மரத்துப்போகும். ஒரு வீடியோ கேம் வெளியே வருமுன் அதற்குள் இறங்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்து, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுவது என் வேலை. பிறகு போட்டி கம்பெனிகளின் கேம்களிலும் அதேபோல நடந்து, எதன் மேப், அதாவது உள்ளே நடக்கிற உலகம், பெரிது என்று சென்னை கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் என் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும், இந்தப் பக்கம் நான் பாலைவனத்தில் நடந்துகொண்டிருப்பேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்து, வெளியே சொன்னால் சிரிக்கிற மாதிரி பயங்களோடு இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தரை

சேர்ந்த முதல் வாரம். மேப்பின் வடக்கு ஓரத்து மதிலை ஒட்டியே நடந்து வரச் சொன்னார் டீம் லீடர் முரளி சார். ஓர் இடத்தில் தரை போட மறந்திருக்கிறார்கள். கேமுக்குள் நான் நடத்துகிற ஆள் விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். மேலே அந்த ஊர் தாம்பாளம் அளவுக்குச் சுருங்கி, அதுவும் மறைந்து, சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம். நான் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் செய்தால், சார் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அதுக்கு அடி கிடையாதுமா. எவ்ளோ நேரம் விழுந்தேன்னு மட்டும் எழுதிக்க."

கடல்

போட்டி கேம் ஒன்றில் பாதி மேப் கடல். நீந்தித்தான் அளக்க வேண்டும். கரை மறைந்து இருபது நிமிடம் ஆனதும் எனக்கு மூச்சு முட்டியது. தண்ணீருக்கடியில் லாரி நீளத்துக்குக் கருப்பாக ஏதோ கூடவே வருவதுபோல இருந்தது. கீழே பார்க்க ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விரல் வரவில்லை.

பக்கத்து வீட்டு துளசி அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். தறி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நட்ட நடு மதியம், ஃபேனுக்கடியில், இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் நீந்தினோம். அக்கரை வந்ததும் ஆழம் எவ்வளவு என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை என்றேன்.

"அப்ப நீ பாதிதாம்மா அளந்துக்கிற."

இரண்டு மடங்கு

எங்கள் கேம் போட்டி கேமைவிட இரண்டு மடங்கு பெரிது என்று விளம்பரம் தயாராகிவிட்டது. மூன்று முறை நடந்து பார்த்தேன். மலைகளில் ஏற முடியாது, ஏரிகளில் இறங்க முடியாது. கால் வைக்கிற இடத்தை மட்டும் கணக்கெடுத்தால் எங்களுடையதுதான் சின்னது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் ஆபீஸ் குரூப்பில் அவர் பெயர் இல்லை.

இருந்தும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. போன் அடித்தால், ஆபீஸ் குரூப்பில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள் வீடியோ காலில் ஓனரே வந்தார். என் வேலை போகவில்லை. கணக்கு தப்பு என்றும் சொல்லவில்லை. முரளி சாரிடம் மெதுவான குரலில் முடிவை மட்டும் சொன்னார்.

"மேப்பைப் பெருசாக்க நேரம் இல்ல. ஆள் நடக்கிற ஸ்பீடைக் குறைச்சிடுங்க."

கூட்டம்

வைகாசி கருட சேவை அன்று காலை, ஆறு வயது மகள் யாழினியோடு காந்தி ரோட்டில் நின்றிருந்தேன். செருப்பு வார் அறுந்துபோய்க் குனிந்தேன். நிமிர்ந்தால் அவள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுடையது போன்ற பச்சைப் பாவாடை தெரிந்த பக்கமெல்லாம் ஓடித் தோளைத் தொட்டுத் திருப்பினால் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ.

போலீஸ் பூத்தில் இருந்த பெண் காவலர், எவ்வளவு தூரம் வரைக்கும் தேடினேன் என்று கேட்டார். தூரத்தை அளந்தே பிழைக்கிறவள் நான். நூறடியா, ஒரு கிலோமீட்டரா, சத்தியமாகத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். இருபதடி தள்ளி நீர்மோர்ப் பந்தலில், பெரிய பானைக்குப் பின்னால், டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் யாழினி. வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கயேதாம்மா உக்காந்துக்கினு இருந்திச்சி. நீதான் நாலு தபா தாண்டிப் போன."

இதுவரை ஒன்பது கேம்களை அளந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்ததிலேயே பெரிய மேப் அந்த போலீஸ் பூத்துக்கும் மோர்ப் பந்தலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.