நாற்பத்துநான்கு முனைகள்

ஒரு பொருளைச் செய்தவர் யார் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிட முடியுமா? பொருளில் பெயர் இருக்கலாம், விலை இருக்கலாம்; செய்த கை எப்படி இருக்கும்? கட்டைவிரல் அக்கா இதை உட்கார்ந்து யோசித்ததில்லை. பேருந்தில் ஏறியதும் முன் இருக்கையின் கைப்பிடிக் கம்பியை வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவுகிறார். கம்பி முடிகிற இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனால், "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்கிறார். விரல் தட்டினால், "அவசரத்துல பண்ணியிருக்கான் பாவம்" என்கிறார். இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அவர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

பேருந்து மட்டுமில்லை. அலமாரிக் கதவு, கரண்டிக் காம்பு, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி எதுவும் அந்த விரலுக்குத் தப்புவதில்லை. "இவளைக் கூட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனா, வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி கதவைக் குசலம் விசாரிப்பா" என்பார் அவர் கணவர். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் பழகிப்போய், வீட்டிலும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்.

அக்காவுக்கு வேலை எலெக்ட்ரிக் கிதார் செய்யும் பட்டறையில். முப்பத்துநான்கு பேர் வேலை செய்கிற நீளமான கட்டடம். ஒரு முனையில் மரத்தூள் வாசம், மறுமுனையில் பெயிண்ட் வாசம். நடுவில், ஜன்னலோரம், அக்காவின் மேசை. கிதாரின் கழுத்தில் குறுக்கே இருபத்திரண்டு உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனை, ஆக நாற்பத்துநான்கு. அந்த முனைகளைச் சின்ன அரத்தால் உருட்டி மழுக்குவதுதான் பத்தொன்பது வருடமாக அக்காவின் வேலை. மழுக்காத முனை, வாசிக்கிறவரின் கையைக் கீறும். தேய்த்து முடித்ததும் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கழுத்தின் மேல் ஓட்டுவார். ஓர் இழை மாட்டினாலும் வேலை முதலிலிருந்து தொடங்கும். இழை மாட்டாவிட்டாலும் கடைசித் தீர்ப்பு கட்டைவிரலுடையது.

கிதாரைப் பிடிக்கும்போது தரையைப் பார்க்கிற கீழ் ஓரத்து முனைகளுக்கு மட்டும் அரத்தை இரண்டு தடவை கூடுதலாக இழுப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "மேல போறப்போ கை யோசிச்சுப் போகும். கீழ எறங்கறப்போ யோசிக்காது, அப்படியே சறுக்கும். அங்கதான் கிழியும்" என்பார். இப்படிச் செய்கிறவர் உலகத்தில் தான் ஒருத்திதான் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதை வெளியே சொன்னதில்லை என்றாலும், அந்த இரண்டு இழுப்பின்போது உதடு லேசாகக் குவியும்.

"ஓரம் நல்லா இருந்தா, ஓரம்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது. கை கிழிஞ்சாத்தான் என்னை நினைப்பாங்க. யாரும் நினைக்கலைன்னா நான் பாஸ்." நன்றி சொல்லப்படாததையே நற்சான்றாக எடுத்துக்கொள்கிற மனம் எளிதில் வாய்ப்பதில்லை. தனக்கு வராத நன்றியை அவர் பேருந்துக் கம்பிக்கும் கரண்டிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அவர் சிரிப்பார். "நீங்க வேற. கம்பி நல்லா இருந்துச்சு, சொன்னேன்."

இத்தனை வருடத்தில் அவர் கிதார் வாசித்ததில்லை. நாற்பத்தெட்டாவது வயதில்தான் ஒரு சனிக்கிழமை, சலவைக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். சொல்லித் தருகிறவர் ஒரு தபால்காரப் பெண்மணி. ஏன் இப்போது என்று கேட்டதற்கு, "பத்தொன்பது வருஷமா ஊருக்கெல்லாம் செருப்பு தைச்சுட்டு, நான் வெறுங்காலோட நடக்கறேன்" என்றார். கூடப் படித்த ஒருவரின் கிதாரை இரவல் வாங்கி ஆறு மாதத்தில் மூன்று பாட்டுத் தேறினார். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் எப்போதும் தடுக்கி விழுவார். விழுந்ததும் தானே சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பிறகு அந்தக் கிதார்க்காரர் வேலை மாறி வேறு ஊருக்குக் கிளம்பினார். அக்காவுக்குச் சொந்தமாக ஒன்று தேவைப்பட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, அக்காவின் பட்டறையில் செய்தது. இன்னொன்று கப்பலில் வந்து இறங்குவது. அதே உருவம், அதே கறுப்பு, பாதிக்கும் குறைந்த விலை. அது வர ஆரம்பித்த பிறகு பட்டறையில் மரம் அறுக்கும் அறையில் மூன்று பேருக்கு அரைநாள் வேலையாகிவிட்டது. போட்டிக்கு ஈடுகொடுக்க வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள்; அக்காவின் மேசைக்கு ஒரு நாளைக்கு ஐந்து கழுத்து வந்த காலம் போய், எட்டு வந்தது.

அக்கா கிதார் வாங்கப் போகிற செய்தி எப்படியோ பெயிண்ட் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அறைக்காரரைப் பெயிண்ட் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டீ நேரத்தில் அவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தக் கப்பல் சரக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு இந்த கேட்டுக்குள்ள வந்தே, அதோட உனக்கும் எனக்கும் டீ கிடையாது."

"நீ வாங்கித் தர்ற டீயை நினைச்சு நான் அழமாட்டேன் அண்ணே. உன் பாக்கெட் மாசத்துல ரெண்டு தரம்தான் திறக்குது."

"விளையாடாதே. நாமளே நம்ம சரக்கை வாங்கலைன்னா வேற எவன் வாங்குவான்?"

"வெலையைப் பார்த்தியா?"

"அந்த வெலையிலதான் தங்கச்சி உன் சம்பளமும் என் சம்பளமும் இருக்கு."

அக்கா டீயைக் குடித்து முடித்துவிட்டு, குவளையின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் கணவருக்கு வேறு கணக்கு. "நீ வாசிக்கிறது மூணு பாட்டு. அதுக்கு எதுக்கு யானை விலை குதிரை விலை?" என்று ஒரு வாரம் பேசினார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் கடைக்குக் கிளம்பும்போது ஓர் உறையை நீட்டினார். "மிச்சம் இதுல இருக்கு. எதை வேணா எடு. நாளைக்கு, 'இந்த மனுஷனாலதான் மட்டமானதை வாங்கினேன்'னு என் தலையில போடக் கூடாது." அக்கா உறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "சரிங்க" என்றார். அந்தச் "சரிங்க"வைக் கணவர் இன்றும் யாராவது கேட்டால் நடித்துக் காட்டுகிறார்.

கிதார்க் கடைக்காரர் பருத்த ஆள். பேச்சோடு பேச்சாகத் தந்தி முறுக்கிச் சுருதி சேர்ப்பார். முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு கிதாரின் தலையிலும் துண்டைச் சுற்றி, பெயரை மறைத்துவிட்டுக் கையில் கொடுப்பார். "பேரைப் பார்த்ததும் எல்லாருக்கும் காது அடைச்சுக்குது" என்பது அவர் கொள்கை.

"எனக்குத் துண்டெல்லாம் பத்தாது. கண்ணையே மூடுங்க" என்றார் அக்கா. "என் வேலையை நான் கண்டுபிடிக்க மாட்டேனா?"

கணவர் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் கண்ணைப் பொத்தினார். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சுக் கண்ணாமூச்சி" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

முதல் கிதார் மடிக்கு வந்தது. கட்டைவிரல் கழுத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஓடியது. ஏழாவது கம்பியில் தட்டியது. பன்னிரண்டாவதில் மறுபடி தட்டியது.

"அவசரத்துல பண்ணியிருக்கா பாவம்" என்றார் அக்கா. "இதுதான் கப்பல்ல வந்தது."

இரண்டாவது வந்தது. விரல் மேல் பக்கத்தில் ஒருமுறை போனது. கீழ்ப் பக்கத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. திரும்பி மேலே வந்து மறுபடி இறங்கியது. அக்காவின் முகம் மலர்ந்தது.

"இது நான். கீழ் ஓரத்துல ரெண்டு இழுப்பு ஜாஸ்தி இருக்கு, தொட்டுப் பாருங்க. அதை வேற யாரும் பண்ண மாட்டாங்க."

கடைக்காரர் இரண்டு துண்டையும் உருவினார். பெயர்களைப் பார்த்த கணவர் கையை எடுக்கவில்லை.

"எடுங்க."

"இரு."

"எடுங்கன்னா."

எடுத்தார். அக்கா 'நான்' என்று சொன்னது கப்பலில் வந்தது. 'பாவம்' என்று சொன்னது பட்டறையில் செய்தது.

அக்கா பட்டறைக் கிதாரைத் திருப்பி, கழுத்துக்குப் பின்னால் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். அதில் மாதம் இருக்கும். ஐந்து கழுத்து எட்டான மாதம். அந்த மாதம் அந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. விடுப்பு எடுக்கவில்லை, காய்ச்சல் இல்லை. அந்த முனைகளைத் தேய்த்தவர் அவரேதான்.

"மரம் உங்களுதுதான் ஒசத்தி அக்கா" என்று கடைக்காரர் அவசரமாகச் சொன்னார். "சத்தமும் உங்களுதுல கனம். அது மெஷின்ல தேய்ச்சிருப்பாங்க. மெஷினோட போட்டி போட முடியுமா?"

அக்கா கப்பலில் வந்ததை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "மெஷினுக்கு ஏன் தோணுது, இந்தப் பக்கம் மட்டும் ரெண்டு தரம் கூட இழுக்கணும்னு?"

கடைக்காரர் உருவிய துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார்.

"அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"யாருக்கு அக்கா?"

"இதைத் தேய்ச்சவளுக்கு."

"அது ஆம்பிளையாக் கூட இருக்கலாமே" என்றார் கணவர்.

"இருக்கலாம்" என்றார் அக்கா. ஆனால் அவர் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்குகிற கையை நினைத்து, யாரும் கேட்காமல், எங்கோ ஒரு மேசையில் ஒருத்தி நேரத்தைத் திருடி அந்த இரண்டு இழுப்பை இழுத்திருக்கிறாள். எத்தனை கழுத்து அவளுக்கு ஒரு நாளைக்கு? எட்டா, இருபதா? "யாரு பெத்த பொண்ணோ" என்று தொடங்கினார் அக்கா. வழக்கமான மீதியைச் சொல்லாமல், விரலை மறுபடி கீழ் ஓரத்தில் ஓட்டினார். கணவர் கடைக்கு வெளியே போய்ப் போக்குவரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டார்: "உங்ககிட்ட அரம் இருக்கா?"

கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது நல்ல அரமில்லை. அக்கா முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டறைக் கிதாரை மடியில் கிடத்தி, முதல் கம்பியிலிருந்து தொடங்கினார். மரத்தில் கீறாமல் இருக்க இடது கைவிரலை ஒவ்வொரு முனைக்கும் அடியில் அணைகொடுத்தார். ஒன்றரை மணி நேரம். வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். ஒரு பெண், "இங்க ரிப்பேருக்குப் புதுசா ஆள் போட்டிருக்கீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டார். "அந்த அக்காவுக்கு நான் சம்பளம் குடுக்க முடியாது" என்றார் அவர். நாற்பத்துநான்கு முனையும் முடிந்ததும் அக்கா தன் கழுத்துத் துணியின் நூல் விளிம்பை மேலே ஓட்டிப் பார்த்தார். பிறகு கட்டைவிரல்.

கடைக்காரரும் தொட்டுப் பார்த்தார். "வெண்ணெய்" என்றார். "இந்தக் கடையில இதுதான் இப்ப முதல் சரக்கு. எடுத்துக்குங்க அக்கா, பட்டறைக்காரங்க விலையே போடறேன்." கணவர் உள்ளே வந்து, அக்காவின் பையிலிருந்து உறையை எடுத்தார். சீட்டு எழுதப் பேனா திறந்தது.

அக்கா மற்றதைக் காட்டினார். கப்பலில் வந்ததை.

பணத்துக்காகத்தான் என்று பட்டறையில் பலர் இன்னும் சொல்கிறார்கள். உறை திறக்காமலே வீடு திரும்பியது அவர்களுக்குத் தெரியாது. ரோஷம் என்கிறார் தபால்காரப் பெண்மணி. பெயிண்ட் அண்ணன் நான்கு நாள் டீக்கு வரவில்லை. ஐந்தாவது நாள் வந்து, "கொண்டா, உன் சக்களத்தி வேலை எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். பார்த்தார். அன்றைய டீக்கு அவரே காசு கொடுத்தார். அக்கா யாருக்கும் எதையும் விளக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியிடம் போய், "எட்டு என்னால ஆகாது, ஆறுதான்" என்று மட்டும் சொன்னார். "அங்க அவங்க எத்தனை பண்றாங்க தெரியுமா?" என்று மேஸ்திரி கேட்டதற்கு, "எத்தனைன்னு தெரியாது. எப்படின்னு தெரியும்" என்றார். ஆறு என்பது இப்போதைக்கு நடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வாங்கியது தோளில் ஏறிய பிறகும், அக்கா உடனே கடையை விட்டு வெளியே வரவில்லை. வாசலைப் பார்த்த கொக்கியில் பளபளவென்று ஒரு சிவப்புக் கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் அதைக் கழற்றிப் பக்கத்துக் கொக்கிக்கு மாற்றினார். அந்த இடத்தில் தான் தேய்த்து முடித்த கறுப்பை மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்துவிட்டு, மறுபடி கிட்டே போய், உள்ளே வருகிறவரின் கை முதலில் அதன் கழுத்தில் படும்படி அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.