வியாதிப் பெயருக்குத் தடை

அந்த உளவியல் பேராசிரியையின் வகுப்பில் முதல் பருவம் முழுக்க ஒரே ஒரு தடை: எவருக்கும் வியாதிப் பெயர் சூட்டக் கூடாது. புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்ததுமே அப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று ஆளாளுக்கு முத்திரை குத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எங்க அத்தைக்கு சந்தேக வியாதி மேடம்,” என்றான் ஒரு மாணவன்.

“வியாதி இருக்கட்டும். அத்தை என்ன செஞ்சாங்க?”

“சமையலறை அலமாரியைப் பூட்டிப் பூட்டி வெக்கிறாங்க.”

“ஏன்னு கேட்டியா?”

பையன் வீட்டுக்குப் போய்க் கேட்டான். மறுவாரம் அசடு வழிய வந்து நின்றான். “மாமா பாத்திரத்தையெல்லாம் எடுத்துட்டுப் போய் வித்துடுறாராம் மேடம்.” வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “கேட்காம இருந்திருந்தா அத்தைக்கு மாத்திரை குடுத்திருப்போம்,” என்றார்.

ஒருநாள் துறைத்தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பி, அறைக்கதவைச் சாத்தினார். ஆய்வு மாணவி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

“அவளுக்கு மனநிலை சரியில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“என்ன செஞ்சா சார்?”

“இங்கே வந்து கத்தினா. மேஜையைத் தட்டினா. அழுதா.”

“எதுக்கு?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்கென்று பேராசிரியைக்குத் தெரியும். அவள் இரண்டு வருஷம் பாடுபட்டு எழுதிய ஆய்வு, தலைவரின் பெயரில் மட்டும் அச்சாகியிருந்தது.

“என் பொருளைத் திருடினா நானும்தான் கத்துவேன். எனக்கும் பைத்தியமா?”

“வார்த்தையை அளந்து பேசுங்க.”

“அளந்துதான் பேசறேன். இல்லேன்னா கதவு திறந்திருக்கிறப்பவே பேசியிருப்பேன்!”

அவர் வாயிலிருந்து தலைவர் கேட்ட வார்த்தை வரவில்லை. மாணவியை அனுப்ப முடியவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் பேராசிரியையின் பாடம் பறிபோனது. ஜெனரேட்டர் அறைக்கு மேலே, காது கிழியும் இரைச்சலில், புள்ளியியல் நடத்தச் சொன்னார்கள். நடத்தினார். தொண்டை கட்டிக்கொண்ட குரலோடு மாணவியையும் அழைத்துக்கொண்டு துணைவேந்தர் அறைக்கு நடையாய் நடந்தார்.

விசாரணை முடிந்து ஆய்விதழில் திருத்தம் வெளிவந்தது. மாணவியின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். தலைவரின் பெயருக்குப் பின்னால், இரண்டாவதாக.

மாணவி பக்கத்தைக் காட்டி, “இதாவது கிடைச்சுதே மேடம்,” என்றாள்.

“இதாவதா? முழுசா எழுதினவ நீ. இந்த ‘இதாவது’ங்கிற பேச்சை என்கிட்ட பேசாதே!”

கட்டின தொண்டையிலும் அந்தக் குரல் வராந்தாக் கோடிவரை கேட்டது. தலைவரின் அறைக்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.