பழைய கையின் கட்டைவிரல்

மூணாறில் இருக்கும் எங்கள் வளையல் கடைக்கு இன்று புது பிளாஸ்டிக் கை வந்தது, வளையல் மாட்டிக் காட்டுவதற்கு. பழைய கையை மகள் குப்பைச் சாக்கில் போட்டுவிட்டாள்.

பழையது நான் செய்தது. எழுபதுகளில் கடை போட்டபோது அப்படி ஒரு கை வாங்க வழியில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் பொடி கேட்டு வாங்கி, மனைவி செல்வத்தின் கையைக் களிமண்ணில் அச்செடுத்து வார்த்தேன்.

"கையைத் தளர விடு புள்ள" என்றேன்.

விட்டாள். பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளுகிற வாக்கிலேயே நின்றுவிட்டன.

"வளையல் போடுற கையா இது? யாரு காதையோ திருகப் போற மாதிரில்ல இருக்கு" என்று அவளே சிரித்தாள்.

அவள் போய் நான்கு வருடமாகிறது. விரல் கோணியது என் கைவேலையின் லட்சணம் என்றே மகள் நினைத்திருந்தாள். என் கைவேலையும் அப்படித்தான் என்பதால் நான் மறுத்ததில்லை.

மதியம், செல்வத்தோடு கொழுந்தெடுத்த அன்னம்மாள் கடைக்கு வந்தாள். சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது செல்வக்கா கைதானே? இதையவா சாக்குல போட்டு வச்சிருக்கிய?"

எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"அம்மா கையாப்பா?" என்றாள் மகள். தலையாட்டினேன். அவள் அதை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள். புதுக் கை பெட்டிக்குள் கிடக்கிறது.

சாக்கில் விழுந்ததில் கட்டைவிரல் மட்டும் உடைந்துவிட்டது. நானே ஒட்டுகிறேன் என்றால், "நீங்க தொடவே வேண்டாம்ப்பா" என்கிறாள்.

மாவுக்கட்டில் எந்தப் பசை நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.