கப்பலோட்டும் ஆடும் என் துயரக் கதையும்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில், ஒரு சிறிய சித்திரக்கதைப் பதிப்பகத்தில் வேலை பார்த்தேன். பேச்சுக் குமிழிகளுக்குள் பிரெஞ்சு வசனங்களைக் கணினியில் பொருத்துவது என் வேலை. அங்கேதான் நெதர்லாந்திலிருந்து அந்த ஒல்லாந்து ஓவியர் வந்து சேர்ந்தார்.

தன் நாட்டில் அவர் பெயர் பெற்றவர். கப்பலோட்டும் ஒரு ஆட்டைப் பற்றிச் சிறுவர் சஞ்சிகையில் வாராவாரம் எழுதி வரைந்தவர். சஞ்சிகை நின்றுபோக, மொன்றியல்காரியான மனைவியோடு இங்கே குடிபெயர்ந்துவிட்டார். பழைய ஆட்டுக் கதைகளை எங்கள் பதிப்பகம் பிரெஞ்சில் வெளியிட்டது. அருமையான கதைகள். வசனம் பொருத்தும்போதே சிரித்துவிடுவேன். அவருக்கு அது பிடிக்காது. ஆடு தன் வாழ்க்கையைத் தின்றுவிட்டது என்பார்.

இனிமேல் பெரியவர்களுக்கான துயரக் கதைதான் என்று முடிவெடுத்தார். முதலில் தன் குழந்தைப் பருவத்தைத் தோண்டிப் பார்த்தார். அப்பா பல் வைத்தியர், கோடை விடுமுறைக்குக் கடற்கரை வீடு. துயரம் எதுவும் தேறவில்லை. பிறகு பக்கத்து மேசையிலிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் மன்னாரிலிருந்து வந்தவள் என்று அறிந்ததும் மனம் உருகிக் கோப்பி வாங்கித் தந்தார். எப்படித் தப்பி வந்தேன் என்று கேட்டார். கொழும்பில் விமானம் ஏறினேன், நடு இருக்கை, வழியெல்லாம் வாந்தி என்றேன். முகம் விழுந்துவிட்டது. படகு எதுவும் இல்லையா என்றார். ஒல்லாந்தர் எங்கள் ஊர்க் கோட்டையைப் பிடித்து ஆண்டவர்கள், வேண்டுமானால் அதைப் போடலாம் என்றேன். அது வாசகரைக் குழப்பும் என்றார்.

என் கதை என்று புத்தகம் வந்தது. அதில் நான் புயலில் படகு வலித்தேன். யானைமுகச் சாமியின் முன்னால் அழுதேன். நாங்கள் கத்தோலிக்கர் என்று, பென்சில் வரைவைக் காட்டியபோதே சொல்லியிருந்தேன். கீழைத்தேயம் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டுமல்லவா என்று பொறுமையாக விளக்கினார்.

பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா பக்கங்களைப் புரட்டினா.

"இது ஆர்?"

"நான்தானம்மா."

"நீ எப்ப மூக்குக் குத்தினனி?"

டவுன்டவுன் புத்தகக் கடையில் வெளியீட்டு விழா. கதையில் வரும் உண்மையான பெண் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓவியர் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு படகைப் பற்றிக் கேட்டார். நான் விமானத்தில் வந்தேன் என்றேன். மறக்க நினைப்பது இயல்புதான் என்று கையை இன்னும் இறுக்கினார்.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். வாங்கத்தான் ஆளில்லை. கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் எங்கள் களஞ்சிய அறைக்குத் திரும்பி வந்தன. முதலாளி ஓவியரைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு ஆட்டுக் கதை வேண்டும் என்றார். சில நாட்கள் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவர், பிறகு வந்து வரைந்தார். ஆடு பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் அந்தக் கதை, அவர் வரைந்ததிலேயே சிறந்தது. குமிழிகளைப் பொருத்திவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். யாரோ இறந்த செய்தியைச் சொன்னதுபோலத் தலையசைத்தார்.

அந்த ஆண்டுப் புத்தகக் கண்காட்சியில் பிள்ளைகளின் வரிசை வளைந்து வளைந்து நீண்டது. அவரும் கடுகடுத்த முகத்தோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆடு போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நின்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு பத்திரிகையாளர் வந்து, அந்தப் படகுக் கதையை ஏன் தொடரவில்லை என்று கேட்டார்.

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"என் துயரத்தைத் தாங்கும் பக்குவம் இந்த நாட்டுக்கு இன்னும் வரவில்லை."

பத்திரிகையாளர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.