கண்ணாடியை மடக்கினால்

"வா... வா... இன்னும் வா." இரண்டு உள்ளங்கைகளாலும் காற்றைத் தன் பக்கம் இழுத்தபடி பின்னால் நடந்தார் விஸ்டின். கோசோ தீவிலிருந்து மால்டாவுக்குப் போகும் கப்பல்; அதில் கார்களை அடுக்கி நிறுத்துவது அவர் வேலை. கார்கள் நிற்கும் தளத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ரொட்டி வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மகள் ரித்தியென் ஓட்டிவந்த வாடகைக் கார் நுழையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பக்கக் கண்ணாடியை மடக்குடி." மடக்கினாள். நுழைந்தது.

குனிந்து ஜன்னலில் முகம் வைத்தார். "போறதுக்குத்தான் டிக்கெட். வர்றப்ப யாரும் காசு கேக்க மாட்டாங்க, தெரியுமில்ல?" கூரையில் இருமுறை தட்டிவிட்டு நகர்ந்தார். கிறிஸ்துமஸ் முடிந்து அவள் நெதர்லாந்தில் தான் வேலை செய்யும் ஐந்தோவன் நகருக்குத் திரும்பிய நாள் அது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

உலகமே அவருக்குக் கார் தளம்தான். ஞானஸ்நான விருந்தில் நாற்காலி போதவில்லை என்றாலும் உள்ளங்கைகள் எழுந்துவிடும். திங்கட்கிழமைகளில் கழுத்தில் அட்டை தொங்க வேலைக்குப் போகும் கணினி ஆட்களின் ஜன்னலைத் தட்டுவார். "தம்பி, உங்க ஆபீஸ்ல இடம் இருக்கா?"

"யாருக்கு விஸ்டின், மகளுக்கா உனக்கா?"

"எனக்குன்னா எப்பவோ குடுத்திருப்பாங்க. நான் எதிர்த்துப் பேச மாட்டேனே!"

தொலைபேசியிலும் அதே பேச்சு. "இங்க ஆன்லைன் சூதாட்டக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம்."

"அப்பா, நான் சிப் வடிவமைக்கிறவ. மால்டாவுல அதுக்கு ஒரே ஒரு ஆபீஸ். மொத்தம் ஆறு பேர். ஆறு நாற்காலியிலயும் ஆள் இருக்கு."

"கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்லு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் பேசாதபோது கப்பலின் இரைச்சல் மட்டும் கேட்கும். பனிமூட்டம் என்றால் நீண்ட ஊதல். ஆய்வகத்தின் வெள்ளை வெளிச்சத்தில் நின்று அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தரை மெல்ல அசைவது போலிருக்கும். நெதர்லாந்தில் தரை அசையாது.

மார்ச்சில் அவர் இதயம் நின்றது. அடக்கம் முடிந்து கைகொடுத்தவர்களில் ஒரு பெண் தயங்கி நின்றாள். "அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தி. என் ஜன்னலை எத்தனை தடவை தட்டியிருப்பார்! ஏழாவதா ஒருத்தரை எடுக்கறோம். உங்களைப் பேச வரச் சொல்லி அவர்கிட்ட சொன்னேனே, சொல்லலையா?"

சொல்லவில்லை. ஏன் என்பது மறுநாள் தெரிந்தது. மால்டாவிலிருந்து ஒரு தச்சர் போனில் கூப்பிட்டார். "உங்கப்பா சனிக்கிழமை வந்து மேசையை எடுத்துக்கறேன்னார். வரலையேம்மா. ரெண்டு கம்ப்யூட்டர் திரை வைக்கிற நீளம் கேட்டார். 'மேசை வீட்டுக்கு வரட்டும், அப்புறம் மககிட்ட விஷயத்தைச் சொல்றேன்'னார்."

அப்பாவின் வேனில் போய் எடுத்தாள். திரும்பும்போது துறையில் பனி. டிக்கெட் யாரும் கேட்கவில்லை. கப்பலுக்குள் ஏறும் சாய்தளத்தில், அப்பாவின் இடத்தில் நின்ற புதிய ஆள் கையை உயர்த்தினான். "எடமில்லக்கா. அடுத்த கப்பல்."

உள்ளே பார்த்தாள். சுவரோரம் ஒரு இடைவெளி, பனியில் மங்கலாக. பின்னால் மேசை மெல்ல ஆடியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்ணாடியை மடக்கினாள்.